மின்சுற்றிலிருந்து எழுத்துக்கு: செங்கல் உடைக்கும் விளையாட்டின் இரு பிறவிகள்

கணினி விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் விற்பனைக் கணக்காகவே எழுதப்படுகிறது. ஒரு விளையாட்டு எதனால் ஆனது, எங்கே பதிந்திருக்கிறது என்ற கேள்வி அதில் அரிதாகவே எழுகிறது. ‘பிரேக்அவுட்’ அக்கேள்வியைத் தவிர்க்க இயலாததாக்குகிறது.

அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1976இல் அதை வெளியிட்டது. நோலன் புஷ்னெல், ஸ்டீவ் பிரிஸ்டோ ஆகியோரின் கருத்தில் உருவான விளையாட்டு அது. 1972இல் வெளிவந்த ‘பாங்’ இருவர் ஆடும் ஆட்டம். இதிலோ எதிராளியின் இடத்தில் ஒரு சுவர் நின்றது. மேலே எட்டு வரிசைச் செங்கற்கள், கீழே ஒரு மட்டை, இடையே ஒரு பந்து. அவ்வியந்திரத்தில் நுண்செயலி இல்லை. ஆகவே நிரலும் இல்லை. பந்தின் ஓட்டம், செங்கல்லின் மறைவு, மதிப்பெண் ஆகிய யாவும் சில்லுகளை இணைத்த விதத்திலேயே அடங்கியிருந்தன. திரையோ கறுப்பு வெள்ளை. அதன்மேல் ஒட்டப்பட்ட வண்ணத் தாள் பட்டைகளே செங்கற்களுக்கு நிறம் தந்தன.

அதன் முன்மாதிரியை உருவாக்கும் பணி ஸ்டீவ் ஜாப்ஸிடம் தரப்பட்டது. மின்சுற்றை வடிவமைத்தவர் அவருடைய நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக். மிகக் குறைந்த சில்லுகளைக் கொண்டு, நான்கே நாட்களில் அவர் அதை முடித்தார். எனினும் அதன் இறுக்கமான அமைப்பு பேரளவு உற்பத்திக்கு ஒத்துவரவில்லை. சந்தைக்கு வந்தது வேறொரு வடிவமைப்பு.

வோஸ்னியாக்கின் உழைப்பு வேறிடத்தில் பலன் தந்தது. அதே விளையாட்டைப் பேசிக் மொழியில் எழுதிவிட வேண்டும் என்ற விருப்பமே, 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியின் பல கூறுகளுக்குக் காரணம் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். வண்ணம், ஒலிபெருக்கி, மட்டையை நகர்த்தும் திருகு குமிழ், கோடு வரையவும் குமிழின் நிலையை அறியவும் பேசிக்கில் சேர்க்கப்பட்ட கட்டளைகள் ஆகியன அவ்வாறு வந்தவை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உரிய கருவியாகப் போற்றப்படும் ஒரு கணினியின் உடலில் விளையாட்டின் தடம் பதிந்திருக்கிறது.

இம்மாற்றத்தின் பொருள் ஆழமானது. மின்சுற்றில் மட்டையின் அகலத்தை மாற்ற இணைப்புகளையே திருத்தியமைக்க வேண்டும். பேசிக்கிலோ ஒரு வரியைத் திருத்தினால் போதும். நிரலின் வரிகளைத் திரையில் வரவழைத்துப் படிக்கவும், தன் விருப்பப்படி மாற்றவும் பயனருக்கு வழி இருந்தது. ஆடுபவர் வாசகரானார், வாசகர் ஆசிரியராகவும் கூடும் என்ற நிலை உருவாயிற்று.

ஆவணக் காப்புக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பேசிக் வடிவத்தைச் சில பக்க எழுத்தாகப் பாதுகாக்கலாம். 1976ஆம் ஆண்டின் இயந்திரத்திலோ படியெடுக்க நிரலே இல்லை. இன்றைய கணினியில் அதை மீண்டும் இயக்க விரும்புவோர் மின்சுற்றின் நடத்தையையே முழுமையாக உருவகப்படுத்த வேண்டும். அதற்குச் சுற்று வரைபடம் தேவை. நிரலை மட்டுமே ஆவணமாகக் கருதும் காப்பகம், தொடக்ககால விளையாட்டுகளைத் தன் கண்முன்னே இழந்துவிடும். மின்சுற்றும் வரைபடமும் மூல ஆவணங்களே என்பதைக் கணினி வரலாற்று ஆய்வு ஏற்றாக வேண்டும்.