பக்கத்து வீட்டு கேமரா முதல் ஆட்டோ சங்கர் வழக்கு வரை: தனியுரிமையும் 'டார்ட்' சட்டமும் ஆய்வு செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

காரமடையில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர் புதுசாக சிசிடிவி மாட்டுகிறார். கேமரா அவர் வாசலைப் பார்க்காமல் உங்கள் வீட்டுக் கொல்லையைப் பார்க்கிறது. "ஏனுங்க, கொஞ்சம் திருப்பி வையுங்களே" என்று கேட்டும் பலனில்லை. யாருக்கும் அடிபடவில்லை, பொருளும் திருடு போகவில்லை. அப்படியானால் எந்தச் சட்டத்தில் போவது?

பெண்ணை அந்தரங்கமான நேரத்தில் படம்பிடித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77வது பிரிவு இருக்கிறது. ஆனால், யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று நாள் முழுக்கப் பதிவு செய்வது அந்தப் பிரிவுக்குள் எளிதில் அடங்காது. இந்த இடைவெளியைத்தான் 'டார்ட்' சட்ட ஆய்வாளர்கள் ஆராய்கிறார்கள்.

டார்ட் என்றால் என்ன?

தமிழில் தீங்கியல் சட்டம் என்பார்கள். ஒருவர் இன்னொருவருக்குத் தவறாக இழைத்த தீங்குக்கு, சிவில் நீதிமன்றம் வழியாக இழப்பீடு கேட்பது. அவதூறு, அலட்சியம், அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைவது எல்லாம் இதில் வரும். சாலை விபத்து இழப்பீடும் இந்தக் குடும்பம்தான். அதற்கு மட்டும் தனிச் சட்டமும் தீர்ப்பாயமும் வந்துவிட்டன.

மற்றபடி இந்தியாவில் டார்ட்டுக்கு என்று ஒரே புத்தகமாகத் தொகுக்கப்பட்ட சட்டம் கிடையாது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து நீதிபதிகள் தீர்ப்பு தீர்ப்பாக வளர்த்த சட்டம் இது. அதனால்தான் பேராசிரியர்களுக்கும் நூலாசிரியர்களுக்கும் இங்கே மவுசு அதிகம். சிதறிக் கிடக்கும் தீர்ப்புகளுக்கு ஓர் ஒழுங்கு கொடுப்பது அவர்கள்தான்.

ஒரு கட்டுரை செய்த வேலை

1890ல் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு பாஸ்டன் வக்கீல்கள் ஹார்வர்ட் சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கையடக்க கேமராவும் கிசுகிசு பத்திரிகைகளும் பரவிய காலம். அந்தரங்கத்தில் தலையிடுவதையே தனியொரு தீங்காக நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1960ல் வில்லியம் பிராஸர் என்ற பேராசிரியர், அதன்பிறகு வந்த அமெரிக்கத் தீர்ப்புகளை எல்லாம் அலசி நான்கு வகையாகப் பிரித்தார்: தனிமையில் ஊடுருவுவது, அந்தரங்கத் தகவலை ஊருக்குச் சொல்வது, ஒருவரைத் தவறான வெளிச்சத்தில் காட்டுவது, பெயரையும் முகத்தையும் சுயலாபத்துக்குப் பயன்படுத்துவது. இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்கள் தொடங்குவது இந்த நான்கிலிருந்துதான்.

தமிழ்நாட்டில் பிறந்த தீர்ப்பு

இந்தியாவில் இந்தத் துறையின் அடித்தளம் சென்னையில் இருந்து வந்த ஒரு வழக்கு. கொலை வழக்குகளில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் சுயசரிதை எழுதினார். அதை வெளியிடப் போவதாக நக்கீரன் அறிவித்தது. சில உயரதிகாரிகளுடன் அவருக்கு இருந்த நெருக்கம் அதில் இருப்பதாகப் பத்திரிகைத் தரப்பு சொன்னது. 1994 ஜூனில் சிறைத்துறை ஐ.ஜி. கடிதம் அனுப்பினார்: இது பொய், வெளியிட்டால் நடவடிக்கை பாயும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபர் 7ல் நீதிபதிகள் ஜீவன் ரெட்டி, சுகாஸ் சென் அமர்வு தீர்ப்பளித்தது. வெளியாகும் முன்பே அரசு தடுக்க முடியாது. பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதியின்றியே வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவரின் வாழ்க்கையை, உண்மையாகவே இருந்தாலும், சம்மதமின்றி எழுதினால் அவர் இழப்பீடு கேட்கலாம்.

'உண்மையாகவே இருந்தாலும்' என்பதுதான் முக்கியம். சிவில் அவதூறு வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். தனியுரிமை வழக்கில் அந்தக் கதவு இல்லை. தனியுரிமைக்கு இரண்டு முகங்கள் உண்டு, ஒன்று அரசியலமைப்பு உரிமை, இன்னொன்று டார்ட் என்பதையும் இந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது.

2017 ஆகஸ்ட் 24ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது முதல் முகம் வலுப்பெற்றது. இரண்டாவது முகம் அந்த வேகத்தில் வளரவில்லை. நீதிமன்றக் கட்டணம், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்கு என்று சாமானியர் சிவில் கோர்ட் பக்கம் போகவே யோசிக்கிறார். போகிறவர்கள் பெரும்பாலும் பிரபலங்கள். 2015ல் 'மெய்ன் ஹூன் ரஜினிகாந்த்' படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றது அப்படி ஒன்று.

இப்போது ஏன் இது பேசப்படுகிறது?

2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. விதி மீறும் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. தகவல் கசிந்து, பணம் பறிபோன ஆளுக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை.

போதாக்குறைக்கு, அலட்சியத்தால் தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. அப்புறம் கைவசம் மிஞ்சுவது டார்ட்தான். அதிலும், தரவுப் பாதுகாப்பு வாரியம் விசாரிக்க வேண்டிய விஷயங்களை சிவில் நீதிமன்றங்கள் எடுக்கக் கூடாது என்கிறது 39வது பிரிவு. வாரியத்துக்கு இழப்பீடு தரும் அதிகாரமே இல்லாதபோது, இழப்பீட்டு வழக்குக்கும் அந்தத் தடை பொருந்துமா? இதற்கு விடை தேடுவதே ஒரு முழு பிஎச்.டி.க்குப் போதும்.

இந்தத் துறைக்கு எப்படிப் போவது?

காரமடைப் பக்கத்து மாணவருக்கு அருகிலேயே கோவை மருதமலை சாலையில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு, பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. டார்ட் அங்கே கட்டாயப் பாடம். அடுத்து எல்எல்.எம்.: சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், அல்லது கிளாட் தேர்வு எழுதி திருச்சியில் உள்ளது போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்.

பேராசிரியராக நெட் தேர்வு முக்கியம். அதன் சட்டத் தாளில் டார்ட்டும் நுகர்வோர் பாதுகாப்பும் ஒரு தனி அலகு. ஜேஆர்எஃப் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வக்கீல் தொழிலில் முதல் சில வருடம் சீனியரிடம் கிடைப்பதோடு ஒப்பிட்டால் இது மோசமில்லை.

தலைப்பு தேர்வு செய்யும்போது பலரும் புட்டசாமி தீர்ப்பையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மேட்டுப்பாளையம், கோவை நீதிமன்றங்களில் கேமரா, ஜன்னல், செல்போன் படம் என்று வரும் சில்லறை வழக்குகள் சட்ட இதழ்களில் அச்சாவதே அபூர்வம். அந்த மனுக்களும் தீர்ப்புகளும் பெரும்பாலும் தமிழில்தான் இருக்கும். டெல்லியில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளரால் அவற்றைப் படிக்க முடியாது, காரமடைக்காரரால் முடியும்.