இளையோருக்கு வரலாறு எழுதுதல்: கிளாரிந்தா அம்மையாரை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

1. ஒரு சிறுமியின் வினா

சில ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூரில் எங்கள் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கெனப் பதினாறு பக்கங்களில் ஒரு சிறு நூல் எழுதினேன். பாளையங்கோட்டையில் முதற் கிறிஸ்தவ ஆலயத்தைக் கட்டிய கிளாரிந்தா அம்மையாரின் வரலாறு அது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சபைகளில் தொழிற்சாலை வேலையின் பொருட்டு நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல உண்டு. தங்கள் தாத்தா பாட்டிமாரின் ஊர் வரலாற்றைப் பிள்ளைகள் அறியட்டும் என்பதே என் நோக்கம்.

நூலில் ஒரு வாக்கியம் இவ்வாறு அமைந்திருந்தது: ஆங்கிலேயப் படைத்தலைவரான தம் கணவர் இறந்தபின் அம்மையார் ஞானஸ்நானம் பெற்றார். வகுப்பு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "ஐயா, நீங்கள் 'கணவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாட்டி வைத்திருக்கும் கிளாரிந்தா நாவலில் அவர்களுக்குத் திருமணம் நடக்கவில்லையே. எது மெய்?" என்று கேட்டாள். நாவல் கூறுவதே மெய் என்றேன். அவள் சற்றுநேரம் யோசித்து, "அப்படியானால் அந்த அம்மா கோயில் கட்டினதும் நீங்களாக எழுதியதுதானா, ஐயா?" என்றாள்.

அவ்வினாவுக்கு அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இளையோருக்கு வரலாற்று நூலும் வரலாற்றுப் புதினமும் எழுதுவோர் எந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதை ஆராயும் இக்கட்டுரை, காலந்தாழ்ந்து அவளுக்கு நான் கூறும் விடையுமாகும்.

2. ஆவணங்கள் கூறுவன

கிளாரிந்தா அம்மையாரைப் பற்றி நாம் உறுதியாக அறிந்தவை சிலவே. தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டியப் பிராமணக் கைம்பெண் அவர். லிட்டில்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்தார். கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகளையும் ஆங்கிலத்தையும் அவரிடமே கற்றார். சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டபோது, அவருடைய வாழ்க்கை நிலையைக் காரணங்காட்டி ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின், 1778ஆம் ஆண்டில், ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபொழுது அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன; அவற்றுள் முதலாவது அம்மையாருடையது. அவருடைய முயற்சியால் எழும்பிய சிற்றாலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மக்கள் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று வழங்கினர். நெல்லைத் திருச்சபையின் தொடக்க வரலாற்றுப் பதிவுகளைத் தொகுத்து 1881இல் நூலாக வெளியிட்ட கால்டுவெல் அத்தியட்சர், அம்மையாரின் நிலையை மறைக்காமலே எழுதினார்.

நான் மறைத்தேன். காரணம் எளிது. பிள்ளைகளின் பெற்றோர் முகஞ்சுளிப்பார்களே என்று அஞ்சினேன். ஆனால் 'கணவர்' என்ற ஒரு சொல்லை இட்டதன் விளைவைப் பிறகே உணர்ந்தேன். அச்சொல்லால் அம்மையாரின் போராட்டம் முழுவதும் நூலிலிருந்து மறைந்துபோயிற்று. குலத்தாரின் ஆதரவை இழந்து, அந்நியர் ஒருவரின் இல்லத்தையன்றி வேறு புகலிடம் இல்லாத ஒரு பெண், சபையின் வாசலில் நின்று கேட்டுப் பெறாமல் திரும்பியதும், மனந்தளராமல் மீண்டும் கேட்டதுமே அவ்வரலாற்றின் உயிர். ஐயர் மறுத்தது முறைதானா என்னும் வினாவும் அதில் அடங்கியுள்ளது. அவ்வினாவை இளையோர் சிந்திக்கத்தக்க வயதில் அவர்களிடமிருந்து நான் பறித்துவிட்டேன். அம்மையாருக்கு மதிப்புத் தேடுவதாக எண்ணி, அவருடைய மதிப்புக்குக் காரணமானதையே நீக்கிவிட்டேன்.

3. புதினத்தின் உரிமையும் எல்லையும்

அம்மாணவியின் பாட்டியார் வைத்திருந்த நாவலை முதலில் ஆங்கிலத்தில் எழுதி 1915இல் வெளியிட்டவர் அ. மாதவையா (1872–1925). நெல்லைச் சீமையிற் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர், கிறிஸ்தவரல்லர். அதனைத் தமிழாக்கியவர் சரோஜினி பாக்கியமுத்து. நம் சபையின் முன்னோடியான ஒரு பெண்ணின் கதையை, சபைக்கு வெளியிலிருந்த ஒருவர், நாம் சொல்லத் தயங்கியவற்றையும் சேர்த்துச் சொன்னார் என்பது நாம் நாணத்தோடு எண்ணவேண்டிய செய்தியாகும்.

எனினும் மாதவையா எழுதியது புதினம். அம்மையாரின் இளமைப் பருவத்தையும் உரையாடல்களையும் மனவோட்டங்களையும் அவர் கற்பனையால் நிரப்பினார். கைம்பெண்ணான இளம்பெண்ணை உடன்கட்டைச் சிதையினின்று ஆங்கிலேய அதிகாரி மீட்கும் காட்சி அதில் உண்டு. அக்காட்சி நெஞ்சை உருக்குவது. ஆதலாலேயே எச்சரிக்கைக்கு உரியது. சிறுவர் நூல் எழுதுவோர் அதனை வரலாற்றுச் செய்தியாக எடுத்தெழுதுமுன், அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள். புதினத்தின் பெயரட்டையை நீக்கிவிட்டு அதிலுள்ளவற்றை வரலாற்றின் பெயரால் பரிமாறுவது, மறைத்தலுக்கு இணையான மற்றொரு குற்றமாகும்.

தமிழில் இளையோர் வரலாற்றின்மேல் ஆர்வங்கொண்டதற்கு ஆசிரியர் கல்கி பெருங்காரணர். அவருடைய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அதில் வரும் வந்தியத்தேவர் கல்வெட்டிற் பெயர் காணப்பெறும் வரலாற்று மாந்தர். நந்தினியோ ஆசிரியரின் படைப்பு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளைக் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சுட்டிக் கூறுகிறது. அவர்கள் ஏன் கொன்றனர், எவர் ஏவினார் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. அந்த இடைவெளியிலேதான் கல்கியின் கற்பனை குடிபுகுந்தது.

இது புதினத்தின் நியாயமான உரிமை. ஆவணம் பேசுமிடத்தில் புதினம் அதற்கு மாறாகப் பேசலாகாது. ஆவணம் மௌனமாய் இருக்குமிடத்தில் புதினம் பேசலாம். ஆனால் இளம் வாசகர் இவ்விரண்டையும் வேறுபடுத்தும் பயிற்சி பெற்றவர் அல்லர். முதியவர் கதையென்று அறிந்து படிப்பதைச் சிறுவர் நடந்ததென்று நம்பிப் படிப்பர். ஆதலால் இளையோருக்கான வரலாற்றுப் புதினத்தின் இறுதியில், இவை ஆவணத்தில் உள்ளவை, இவை என் கற்பனை என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்ப்பது ஆசிரியரின் கடமை. அதனால் கதையின் சுவை குறையாது. பிள்ளைகள் அப்பக்கத்தையே முதலில் புரட்டிப் படிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

4. திருமறையில் இருவகை வரலாறு

மறைக்கலாமா என்னும் வினா நமக்குப் புதிதன்று. திருமறைக்குள்ளேயே அது எழுகிறது. தாவீது பத்சேபாளின்மேல் இச்சைகொண்டதையும், உரியாவைச் சாகும்படி செய்ததையும், நாத்தான் தீர்க்கதரிசி அரசனைக் கண்டித்ததையும் சாமுவேலின் இரண்டாம் புத்தகம் விரிவாகக் கூறுகிறது. அதே போரைக் கூறும் நாளாகமத்தின் முதற்புத்தகம் இருபதாம் அதிகாரத்தில், தாவீது எருசலேமில் இருந்துவிட்டான் என்னும் செய்திக்குப்பின் கதை நேரே ரப்பா நகரின் வீழ்ச்சிக்குத் தாவுகிறது. இடையில் நடந்தது காணப்படவில்லை. சிறையிருப்புக்குப்பின் ஆலயத்தையும் ஆராதனையையும் மீண்டும் நிலைநாட்ட முயன்ற மக்களுக்காக அந்நூலாசிரியர் எழுதினார். தம் நோக்கத்துக்கு வேண்டியவற்றைத் தெரிந்துகொண்டார். எனினும் அவர் தாவீதைக் குற்றமற்றவனாகக் காட்டவில்லை. குடிமதிப்பு எடுத்த பாவத்தை அடுத்த அதிகாரத்திலேயே எழுதினார்.

சபை இவ்விரு நூல்களில் ஒன்றை விலக்கி மற்றொன்றை வைத்துக்கொள்ளவில்லை, இரண்டையும் காத்தது. மேலும் மத்தேயு, ஆண்டவரின் வம்ச அட்டவணையிலேயே உரியாவின் மனைவியாய் இருந்தவளைக் குறிப்பிடுகிறார். தாவீதின் குற்றம் அவ்வாறு சுவிசேஷத்தின் முதற்பக்கத்தில் நிலைபெற்றது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? தெரிந்தெடுத்தல் வேறு, திரித்தல் வேறு என்பதே. எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதும்போது, கிளாரிந்தா அம்மையார் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் இல்லத்தில் வாழ்ந்தார் என்றளவில் நிறுத்திக்கொள்ளலாம். அது பொய்யன்று, வளர்ந்தபின் அப்பிள்ளை மேலும் அறிந்தாலும் நம்மைப் பொய்யரென்று கருதாது. 'கணவர்' என்று எழுதுவதோ, பின்னர் அறியப்போகும் உண்மைக்கு எதிராக இன்றே பொய்ச்சாட்சி உரைப்பதாகும். வயதுக்கேற்பச் சுருக்கலாம், எந்த வயதினருக்கும் மாற்றிச் சொல்லலாகாது.

5. எவருடைய பெயர் எழுதப்படுகிறது

மறைத்தலில் இன்னொரு வகையும் உண்டு. அது எவரையும் புண்படுத்தாததுபோல் தோன்றுவது. நம் ஞாயிறு பள்ளி நூல்களில் பெரும்பாலும் மிஷனரிமாரே கதைத்தலைவர்கள். சுவார்ட்ஸ் ஐயர் போற்றத்தக்கவரே. ஆனால் அவர் பாளையங்கோட்டையில் குடியிருந்தவர் அல்லர். திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் ஊழியஞ்செய்தவர். பாளையங்கோட்டைச் சபையை நாள்தோறும் தாங்கியவர்கள் ஒரு பெண்மணியும் சில உபதேசிமார்களும். அவர்களுள் சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டின் நாற்பது பெயர்களில் எத்தனையை நம் பிள்ளைகள் கேட்டிருப்பர்?

நாம் வாழும் இவ்வட்டாரத்திற்கும் இது பொருந்தும். வரலாறு தஞ்சாவூரிலும் பாளையங்கோட்டையிலும் நடந்தது, தம் ஊரில் ஏதும் நடக்கவில்லை என்று அம்பத்தூர்ப் பிள்ளைகள் எண்ணுகின்றனர். பூந்தமல்லி, இராமானுசருக்கு ஆசிரியர் நிலையில் இருந்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலேதான் சமதர்மப் பாணியிலான சமுதாயம் என்னும் தீர்மானம் நிறைவேறியது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. இவற்றைக் கட்டியெழுப்பிய தொழிலாளரின் பேரப்பிள்ளைகளே நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுடைய முதியோரை விசாரித்து எழுதினால், எந்த நூலகத்திலும் இல்லாத வரலாறு கிடைக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தில், கொசத்தலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில், 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் பழைய கற்கருவிகளைக் கண்டெடுத்தார். யாழ்ப்பாணத்தில் வேதாகமத் தமிழாக்கப் பணியில் ஈடுபட்ட பெர்சிவல் ஐயரின் மருமகன் அவர். சாந்தி பப்புவும் உடன் ஆய்ந்தோரும் அவ்விடத்துத் தொன்மையான கருவிகளின் காலத்தை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளென மதிப்பிட்டு 2011இல் வெளியிட்டனர். இதைச் சிறுவர்க்குச் சொல்லக் கிறிஸ்தவ ஆசிரியர் பலர் தயங்குவர். ஆதியாகமத்தோடு இது எவ்வாறு பொருந்தும் என்று பிள்ளைகள் கேட்பார்களே என்னும் அச்சம் காரணம். கேட்கட்டும். ஆதியாகமம் எவ்வகை நூல், அது எதைக் கற்பிக்க எழுதப்பட்டது என்று அவர்களோடு அமர்ந்து படிப்பதற்கு அதைவிட நல்வாய்ப்பு எது? அஞ்சி மறைத்தால் அவர்கள் அச்செய்தியை வேறிடத்தில் அறிவர். நம்மிடம் மட்டும் கேட்கமாட்டார்கள்.

6. எழுத முன்வருவோருக்கு

இறையியல் கல்லூரிகளிற் பயின்று சபைகளுக்குச் செல்லும் இளம் ஊழியர்கள் இளையோருக்கு வரலாறு எழுத முன்வரவேண்டும். லூக்கா தம் நூலின் தொடக்கத்திலேயே, கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்தவற்றை விசாரித்தறிந்து எழுதுவதாகத் தெயோப்பிலுவுக்குத் தெரிவிக்கிறார். அம்முறையே நமக்கும் உரியது. எழுதுமுன் ஆவணத்தைத் தேடுக. அறிந்ததை அறிந்ததாகவும், ஊகத்தை ஊகமாகவும் எழுதுக. வயதுக்கேற்பச் சுருக்குக, ஆனால் திரிக்கற்க. பெரியோரின் குறைகளைக் கூறுகையில் பழிதூற்றும் மனப்பான்மையின்றிக் கூறுக. எளியோரின் பெயர்கள் கிடைக்குமாயின் ஒன்றையும் விடற்க.

என் சிறு நூலை மறுபடி எழுதினேன். 'கணவர்' என்னும் சொல்லை எடுத்துவிட்டு, நடந்ததை நான்கு வாக்கியங்களில் சொன்னேன். இறுதிப் பக்கத்தில், முற்பதிப்பில் இவ்விடத்தைத் தவறாக எழுதியிருந்தேன் என்பதையும் குறிப்பிட்டேன். பெற்றோர் இருவர் வருத்தந்தெரிவித்தனர். அவர்களோடு அமர்ந்து பேசினேன். அம்மாணவியிடம் ஒரு படியைக் கொடுத்தபோது, அவள் நேரே அவ்விறுதிப் பக்கத்தைப் படித்தாள். பின்பு, "கோயில் கட்டினது உண்மைதானே, ஐயா?" என்று மீண்டும் கேட்டாள். 1785இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டதையும், விடுமுறையில் பாட்டியின் ஊருக்குப் போகும்போது அவளே சென்று காணலாம் என்பதையும் கூறினேன். இம்முறை அவள் நம்பினாள்.