அவலாஞ்சியில் எடுத்த போட்டோ மங்குகிறதா? எந்த 'பார்மட்'டில் சேவ் செய்ய வேண்டும்?

ஊட்டி:
நீலகிரி மாவட்டம் அவலாஞ்சிக்கு வருகிறவர்கள் ஏரி, சோலைக்காடு, பனிமூட்டம் என்று போட்டோ எடுத்து தள்ளுகிறார்கள். எடுக்கும்போது பளிச்சென்று இருந்த படம், எடிட் செய்து நாலு பேருக்கு அனுப்பியதும் கட்டம் கட்டமாக உடைந்து போகிறது. பல நேரம் குற்றம் கேமரா மீது இல்லை. படத்தை சேவ் செய்யும் விதத்தில்தான் இருக்கிறது.

ஜே.பி.ஜி.

பெரும்பாலான செல்போன், கேமராக்களில் பதிவாகும் பார்மட் இதுதான். 1992-ல் வந்தது. கண்ணுக்கு அவ்வளவாக தெரியாத விவரங்களை கழித்துவிட்டு பைலை சின்னதாக்கும். கழித்தது கழித்ததுதான், திரும்ப வராது. படத்தை சும்மா திறந்து பார்த்தாலோ, காப்பி எடுத்தாலோ ஒன்றும் ஆகாது. எடிட் செய்து மறுபடி மறுபடி சேவ் செய்தால்தான் தரம் குறையும். வானம், பனிமூட்டம் போன்ற வழவழப்பான இடங்களில் இது சீக்கிரம் பல்லிளிக்கும்.

பி.என்.ஜி., டிப்

1996-ல் வந்த பி.என்.ஜி. எதையும் கழிக்காது. எழுத்து, லோகோ, ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றுக்கு ஏற்றது. போட்டோ என்றால் பைல் பெரிதாகிவிடும். எடிட்டிங் பாதியில் நின்றால் பி.என்.ஜி. அல்லது டிப்பில் வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை ஜே.பி.ஜி. ஆக்குவது நல்லது. ஏற்கனவே கெட்டுப்போன ஜே.பி.ஜி.யை பி.என்.ஜி. ஆக்கினால் தரம் கூடாது, இடம்தான் அடைக்கும்.

ரா

கேமரா சென்சார் பதிவு செய்ததை பெரும்பாலும் அப்படியே வைத்திருப்பது ரா. ஜே.பி.ஜி.யில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா பைலில் 16,384 படிகள். பனியில் வெளுத்துப்போன படத்தை ஓரளவு மீட்க இது கைகொடுக்கும். மெமரி கார்டு மட்டும் சீக்கிரம் நிரம்பும்.

எச்.இ.ஐ.சி.

2017 முதல் ஐபோன்களில் வரும் பார்மட். பைல் சின்னது. ஆனால் சில கம்ப்யூட்டர்களிலும், ஆன்லைன் விண்ணப்பங்களிலும் ஏறாது. பெயரின் கடைசியில் 'ஜே.பி.ஜி.' என்று மாற்றி எழுதினால் மட்டும் பார்மட் மாறிவிடாது. முறையாக கன்வெர்ட் செய்ய வேண்டும்.

மழை சேத படங்கள் உஷார்

அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மண்சரிவில் வீடோ தோட்டமோ போனால் அந்த படத்தை மறுபடி எடுக்க முடியாது. நிவாரணம் கேட்கும்போது அதுவே சாட்சியாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த தேதி, நேரம், இடம் பற்றி பைலுக்குள் இருக்கும் பதிவும் போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் பைல் அப்படியே போய்ச் சேரும்.

எந்த படமாக இருந்தாலும் ஒரிஜினலில் கை வைக்காதீர்கள். காப்பி எடுத்து அதில் எடிட் செய்யுங்கள். ஒரிஜினலை பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ இன்னொரு இடத்திலும் போட்டு வையுங்கள். போன் தொலைந்தாலும் படம் தங்கும்.