திருச்சிராப்பள்ளி ஓவியர்களின் வீட்டு நீர்வண்ணங்கள்

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓவியர்கள் தாளிலும் மைக்காத் தகட்டிலும் நீர்வண்ணப் படங்கள் தீட்டினர். ஆங்கிலேய அதிகாரிகளும் பயணிகளும் விரும்பி வாங்கிய இப்படங்கள் கலை வரலாற்றில் கம்பெனி ஓவியங்கள் என்ற வகையில் அடங்கும். அக்காலத்துத் தென்னிந்திய ஓவியருக்கு வண்ணம் பெரும்பாலும் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பொருள் அன்று. கல், மண், இலை, மரப்பால், அரக்கு, புகைக்கரி ஆகியவற்றிலிருந்து நிறப்பொடி எடுத்து, மரப்பிசினில் குழைத்து, ஒன்றோடொன்று கலந்து தேவையான நிறத்தை வீட்டுப் பட்டறையிலேயே ஆக்கிக்கொண்டனர். படங்கள் பல இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. தீட்டியவர்களின் பெயர்களும், அவர்கள் கைப்பழக்கமாக வைத்திருந்த கலவை அளவுகளும் பெரும்பாலும் பதிவாகவில்லை.

பின்னணி

1801-ஆம் ஆண்டு கர்நாடக உடன்படிக்கைக்குப் பின் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன. திருச்சிராப்பள்ளி கலெக்டரின் தலைமையிடமாகவும் பெரிய படைமுகாமாகவும் ஆனது. மருங்காபுரி, துறையூர், அரியலூர், உடையார்பாளையம் போன்ற பழைய பாளையங்கள் ஜமீன்களாக மாறின. அரசவைகளும் பாளையங்களும் செல்வாக்கு இழந்ததால் அவற்றை அண்டியிருந்த கைவினைஞர்கள் புதிய வாடிக்கையாளர்களைத் தேட வேண்டியிருந்தது.

தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் ஓவியத் தொழில் செய்தவர்களில் தெலுங்கு பேசும் ராஜு குடும்பத்தினர் குறிப்பிடத்தக்கவர்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணம் பூசி, பொன் இழைத்துத் தெய்வப்படம் செய்வது இவர்களின் பழைய மரபு. கம்பெனி அதிகாரிகள் கேட்டது வேறு. கோயில் தெய்வங்கள், திருவிழாக்கள், பல்வேறு தொழில் செய்வோர், சாதியினரின் ஆடை அணிகள், வண்டி வாகனங்கள் ஆகியவற்றை ஊருக்கு எடுத்துச்செல்லும் வகையில் சிறிய தாள்களில் தொகுதியாகக் கேட்டனர். ஐரோப்பியத் தாளில் மெல்லிய நீர்வண்ணமும் நிழல் காட்டும் முறையும் இவ்வாறு உள்ளூர் ஓவியருக்குப் பழக்கமாயின. ஊடகம் மாறினாலும் வண்ணம் அரைக்கும் அறிவு பழைய மரபிலிருந்தே தொடர்ந்தது.

நிறப்பொடிகள்

இந்திய சிற்ப நூல்கள் வண்ணத் தயாரிப்பை விரிவாகப் பேசுகின்றன. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி, சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம், 16-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் ஸ்ரீகுமாரர் எழுதிய சில்பரத்தினம் ஆகியவை இதில் முக்கியமானவை. சில அடிப்படை நிறங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கலந்து பெறுவதே இந்நூல்களின் பொது முறை.

தென்னிந்திய ஓவியர்கள் பயன்படுத்திய மூலப்பொருட்கள் பெரும்பாலும் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகளே. சிவப்புக்குச் சாதிலிங்கமும் காவிக்கல்லும் ஈயச் செந்தூரமும், மஞ்சளுக்கு அரிதாரமும் மக்கி என்னும் மரப்பாலும், நீலத்துக்கு அவுரியும், இளஞ்சிவப்புக்குக் கொம்பரக்கிலிருந்து எடுத்த சாயமும் பயன்பட்டன. வெள்ளைக்குச் சங்கு அல்லது கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஈய வெள்ளையும் உதவின. கறுப்புக்கு விளக்கின் மேல் சட்டியைக் கவிழ்த்துப் படிந்த புகைக்கரியை வழித்தெடுத்தனர்.

ஒவ்வொரு பொருளையும் ஆயத்தம் செய்யும் விதம் வேறு. காவிக்கல்லை இடித்து நீரில் கலக்கிச் சிறிது நேரம் விட்டால் மணலும் கரடும் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் இறுத்துத் தெளியவிட்டால் மாவு போன்ற நயமான பொடி கிடைக்கும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் படத்தில் திட்டு விழாது. அவுரிக்கட்டி கடினமானது; நீண்ட நேரம் அரைத்தால்தான் நிறம் முழுதாக வெளிப்படும். புகைக்கரியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது வெறும் நீரில் கலக்காமல் மிதக்கும்; முதலில் பிசின் நீரோடு சேர்த்துக் குழைக்க வேண்டும். மக்கியில் பிசின் இயல்பாகவே உண்டு. அதை ஈரத் தூரிகையால் தொட்டாலே வண்ணம் வரும்.

பரம்பரை ஓவியர் பட்டறைகளில் சிறுவர்களுக்குத் தரப்பட்ட முதல் வேலை வண்ணம் அரைப்பது. கோடு போடும் பயிற்சி அதற்குப் பிறகுதான். அரைத்த வண்ணத்தைக் கொட்டாங்குச்சியிலும் சிப்பியிலும் வைத்துக்கொள்வது வழக்கம். நுணுக்க வேலைக்கு அணில் முடித் தூரிகை பயன்பட்டது.

பிசின்

நிறப்பொடி தாளில் ஒட்டி நிற்கக் காரணம் பிசின். அரபு நாடுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த அரபுப் பிசினை ஐரோப்பியர் பயன்படுத்தினர். தமிழ்நாட்டில் அதே வேலையை வேலமரப் பிசினும் வேப்பம்பிசினும் விளாம்பிசினும் செய்தன. விளாம்பிசின் வண்ணத்துக்குப் பளபளப்புத் தரும் என்பதால் ஓவியர்கள் அதை விரும்பினர். மணப்பாறை, மருங்காபுரி போன்ற மழை குறைந்த பகுதிகளின் புன்செய்க் காடுகளில் வளரும் மரவகைகள் இவை.

பிசினை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி எடுப்பார்கள். அளவில்தான் நுட்பம் இருந்தது. பிசின் குறைந்தால் காய்ந்த வண்ணம் விரலில் பொடியாக ஒட்டும். கூடினால் வண்ணம் வெடித்துச் செதிலாக உரியும். எல்லா நிறத்துக்கும் ஒரே அளவும் பொருந்தாது. கனமான சாதிலிங்கத்துக்கு ஓர் அளவு, இலேசான புகைக்கரிக்கு வேறு அளவு. வெயில் காலத்தில் பிசின் நீர் சில நாட்களில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே தேவைக்கு ஏற்பச் சிறிது சிறிதாகவே கலந்தனர்.

கலவை

அரிதாரத்துடன் அவுரியைச் சேர்த்தால் கிளிப்பச்சை கிடைக்கும். அவுரியின் அளவைக் கூட்டினால் அது இலைப்பச்சையாகவும் கரும்பச்சையாகவும் மாறும். அவுரியுடன் வெள்ளை சேர்த்தால் வான நீலம், அரக்குச் சாயத்துடன் வெள்ளை சேர்த்தால் தாமரை நிறம், காவியுடன் கரி சேர்த்தால் பழுப்பு. தெய்வப்படங்களில் திருமாலுக்கு நீலமும் பார்வதிக்குப் பச்சையும் மரபாக இருந்ததால் இந்தக் கலவைகள் எப்போதும் தேவைப்பட்டன.

தொழில் செய்வோரின் படங்களில் ஓவியருக்குக் கூடுதல் சோதனை ஒன்று இருந்தது. மனிதத் தோலின் பல சாயல்களைக் காவி, மஞ்சள், வெள்ளை, கரி ஆகிய நான்கின் அளவுகளை மாற்றியே காட்ட வேண்டும். ஒரே தொகுதியைப் பல வாடிக்கையாளர்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்து கொடுத்ததால், நேற்றைய கலவையை இன்றும் அதேபோல் கொண்டுவருவது அவசியமாயிற்று. இதற்குத் துணையாக நின்றவை கண்ணும் கையும் மட்டுமே.

சேரக்கூடாத பொருட்களையும் அறிந்திருக்க வேண்டும். அரிதாரத்தில் கந்தகம் உண்டு. அது ஈய வெள்ளையையோ செம்புப் பச்சையையோ தொட்டால் நாளடைவில் அந்த இடம் கறுக்கும். கலக்கும் நாளில் அழகாகத் தெரியும் நிறம் சில ஆண்டுகளில் கெட்டுவிடலாம். அரிதாரம் ஆர்செனிக் கலந்தது, சாதிலிங்கம் பாதரசம் கலந்தது, வெள்ளையும் செந்தூரமும் ஈயம் கலந்தவை. இவற்றை நாள்தோறும் அரைத்தும் தூரிகை நுனியை நாவால் கூராக்கியும் வேலை செய்வது உடலுக்குத் தீங்கானது. மிக அழுத்தமான நிறங்களே மிகுந்த நஞ்சாகவும் இருந்தன.

உயிருள்ள பொருளின் நிறத்தை அப்படியே பிடிக்கும் திறனுக்குச் சான்றாக ரங்கய்யா, கோவிந்து என்னும் ஓவியர்களைக் குறிப்பிடலாம். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக இவர்கள் நூற்றுக்கணக்கான செடிகளை வரைந்தனர். வைட் 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். இந்திய ஓவியர் ஒருவருக்கு அக்காலத்தில் கிடைத்த அரிய மதிப்பு இது. வேலூர் எல்லப்பா 1830-களில் தன்னையே ஓவியராக வரைந்துகொண்டார். அந்தப் படம் 2019-இல் இலண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் தொடங்கிய கம்பெனி ஓவியக் கண்காட்சியில் இடம்பெற்றது. திருச்சிராப்பள்ளி ஓவியர்களில் பெரும்பாலோருக்கு இத்தகைய அடையாளம் கிடைக்கவில்லை.

மைக்கா ஓவியங்கள்

வட இந்தியாவில் முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகிய ஊர்களைப் போலத் தென்னிந்தியாவில் திருச்சிராப்பள்ளி மைக்கா ஓவியங்களுக்குப் பெயர் பெற்றது. மைக்காவைத் தமிழில் அப்பிரகம், காக்காப்பொன் என்பர். ஆங்கிலேயர் இதை டால்க் என்று தவறாக அழைத்தனர். கத்தியால் மெல்லிய ஏடுகளாகப் பிரித்த மைக்கா, கண்ணாடி போல ஒளி ஊடுருவும். ஆனால் கண்ணாடி போல எளிதில் உடையாது. அஞ்சலில் அனுப்பவும் பெட்டியில் அடுக்கவும் ஏற்றது. முகம் மட்டும் வரைந்த அட்டை ஒன்றின் மேல், தலையில்லாத ஆடை உருவங்கள் தீட்டிய மைக்கா ஏடுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் விளையாட்டுத் தொகுதிகளும் இந்தியாவில் செய்யப்பட்டன.

ஓவியருக்கு மைக்கா கடினமான ஊடகம். தாள் நீரை உறிஞ்சி வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். மைக்கா ஒரு துளியும் உறிஞ்சாது. எனவே வெள்ளை சேர்த்துக் கெட்டியாக்கிய, ஒளி புகாத வண்ணமே பயன்பட்டது. இங்கே பிசின் அளவு தவறினால் படம் முழுவதும் உதிர்ந்துவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள பல மைக்கா ஓவியங்களில் வண்ணம் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. அதே வயதுடைய வேறு சில இன்றும் புதிது போல் இருப்பதற்கு ஓவியரின் கலவைத் திறனும் ஒரு காரணம்.

ஆயத்த வண்ணங்களின் வருகை

இலண்டனில் வில்லியம் ரீவ்ஸ், தாமஸ் ரீவ்ஸ் சகோதரர்கள் நீர்வண்ணத்தைச் சிறு கட்டிகளாகச் செய்து விற்றனர். இதற்காக 1781-இல் கலைச் சங்கத்தின் வெள்ளித் தட்டுப் பரிசைப் பெற்றனர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இவர்கள் வண்ணப் பெட்டிகள் வழங்கினர். 1832-இல் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டறியப்பட்ட பிரஷ்ய நீலமும், 1820-களில் பிரான்சில் செயற்கையாகச் செய்யப்பட்ட அல்ட்ராமரைன் நீலமும் இந்தியச் சந்தைக்கு வந்தன.

இவற்றால் ஓவியரின் உழைப்பு குறைந்தது. நாட்கணக்கில் அரைத்துப் பெற்ற நீலத்தைவிட அழுத்தமான நீலம் பொட்டலத்தில் கிடைத்தது. நஞ்சான அரிதாரத்தைக் கையாளும் தேவையும் படிப்படியாகக் குறைந்தது. மறுபுறம், அரைக்கும் வேலை குறையக் குறைய அடுத்த தலைமுறைக்கு அந்த அறிவைக் கற்பிக்கும் வாய்ப்பும் சுருங்கியது.

சரிவு

சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் காட்சிகளை எடுத்து 1858-இல் தொகுப்பாக வெளியிட்டார். அதன் பின் ஊரையும் மக்களையும் நினைவுக்கு வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் புகைப்படத்தையும், நூற்றாண்டின் இறுதியில் பட அஞ்சலட்டையையும் வாங்கினர். தெய்வப்படங்களின் சந்தையை அச்சுப் படங்கள் பிடித்தன. ரவி வர்மா அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கப்பட்டபின் வண்ண அச்சுப் படங்கள் சாதாரண வீடுகளையும் எட்டின. கையால் வண்ணம் கலந்து ஒவ்வொன்றாகத் தீட்டும் தொழில் விலையில் போட்டியிட முடியாமல் ஒடுங்கியது.

இன்றைய நிலை

திருச்சிராப்பள்ளி ஓவியங்கள் இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தென்னிந்திய ஓவியங்களுக்கு அன்னா டல்லாபிக்கோலா தயாரித்த விரிவான பட்டியல் 2010-இல் வெளிவந்தது. ஊடுகதிர் ஒளிர்வு, ராமன் நிறமாலை போன்ற முறைகளால் படத்தைச் சுரண்டாமலே எந்த நிறப்பொடி பயன்பட்டது என்று அறிய முடிகிறது. அரிதாரமா மக்கியா, அவுரியா பிரஷ்ய நீலமா என்பது தெரிந்தால் படத்தின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். ஆனால் பிசின் எத்தனை பங்கு, எவ்வளவு நேரம் அரைத்தார்கள் என்பதைக் கருவிகள் சொல்வதில்லை.

இம்முறையின் பாதுகாப்பான வடிவத்தை இன்றும் வீட்டில் செய்யலாம். ஒரு பங்கு அரபுப் பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஈரப்பதம் தங்கச் சிறிது தேனும், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு துளி கிராம்பு எண்ணெயும் சேர்க்க வேண்டும். கழுவித் தெளியவைத்த காவி, அவுரிப் பொடி, விளக்குக் கரி ஆகியவற்றை இதனுடன் கண்ணாடிப் பலகையில் குழைத்துச் சிறு மூடிகளில் உலர்த்தினால் நீர்வண்ணக் கட்டி ஆயத்தம். பொடியை மூச்சில் இழுக்காமல் மூக்கை மூடிக்கொள்வது நல்லது. அரிதாரம், சாதிலிங்கம், ஈயச் சரக்குகள் ஆகியவற்றை வீட்டில் கையாளக் கூடாது. ஒவ்வொரு கலவையையும் ஒரு தாளில் தீட்டி, அதன் அருகே பொருட்களின் அளவையும் தேதியையும் எழுதிவைத்தால், பிடித்த நிறத்தை மீண்டும் கொண்டுவரவும் பிறருக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியும்.