உழவு இயந்திரப் பொறியின் சீரற்ற ஓட்டம்

உழவு இயந்திரப் பொறியின் சீரற்ற ஓட்டம் என்பது டிராக்டரின் பொறி ஒரே சீராக ஓடாமல் விட்டுவிட்டு ஓடுதல், மிகையாக அதிர்தல், இழுவைத் திறன் குறைதல் ஆகியவற்றைக் குறிக்கும். பணிமனைகளில் இது "மிஸ்ஸிங்" எனப்படுகிறது. டீசல் பொறியில் அமுக்கத்தால் சூடேறிய காற்றில் எரிபொருள் தானே தீப்பற்றுகிறது. ஸ்பார்க் பிளக் இல்லை. ஆகவே எரிபொருள், காற்று, அமுக்கம் ஆகிய மூன்றில் ஒன்றன் குறைபாடே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

பின்னணி

தமிழ்நாட்டின் டிராக்டர் உற்பத்தி வடசென்னையுடன் நெருங்கிய தொடர்புடையது. சிம்ப்சன் நிறுவனம் 1950களில் சென்னையில் பெர்க்கின்ஸ் வகை டீசல் பொறிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. இதன் தொழிற்சாலை கொடுங்கையூருக்கு அருகிலுள்ள செம்பியத்தில் உள்ளது. மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுடன் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனமும் செம்பியத்தில் டிராக்டர்களைத் தயாரித்தது.

மாசி பெர்குசன் 35 டிராக்டரில் பயன்பட்ட பெர்க்கின்ஸ் 3.152 பொறி மூன்று சிலிண்டர்களைக் கொண்டது. இதன் கொள்ளளவு 152 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.5 லிட்டர் ஆகும். இத்தகைய பொறியில் ஒரு சிலிண்டர் செயலிழந்தாலே ஆற்றல் பெருமளவு குறைந்து, உழவுப் பணி தடைப்படும்.

புகையின் நிறம்

* கரும்புகை: எரிபொருள் முழுமையாக எரியவில்லை. காற்று வடிகட்டி அடைப்பு, பழுதான இன்ஜெக்டர், மிகைச் சுமை ஆகியவை காரணமாகலாம்.
* வெண்புகை: எரிபொருள் தீப்பற்றாமல் வெளியேறுகிறது. குறைந்த அமுக்கம் காரணமாகலாம். சிலிண்டருக்குள் நீர் கசிந்தாலும் வெண்புகை தோன்றும். குளிர்ந்த பொறியைத் தொடக்கும்போது சிறிது நேரம் தோன்றுவது இயல்பு.
* நீலப்புகை: உயவு எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் அல்லது வால்வு வழிகாட்டிகள் தேய்ந்திருக்கலாம்.

கண்டறியும் முறை

செலவு குறைந்த சோதனைகளை முதலில் செய்தல் வேண்டும்.

1. டீசல் தொட்டி, காற்று வடிகட்டி, எரிபொருள் வடிகட்டி ஆகியவற்றைப் பார்த்து, அடியில் தேங்கிய நீரை வடிக்க வேண்டும்.
2. தொட்டி வறண்டிருந்தாலோ வடிகட்டி மாற்றப்பட்டிருந்தாலோ குழாயில் காற்று புகுந்திருக்கும். வடிகட்டியின் காற்றுத் திருகைத் தளர்த்தி, ஊட்டுப் பம்பின் கைப்பிடியை இயக்கி, குமிழியற்ற டீசல் வரும் வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பின்னர் எரிபொருள் பம்பின் திருகிலும் இவ்வாறே செய்ய வேண்டும்.
3. பொறி மெதுவாக ஓடும்போது, இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும். தளர்த்தும்போது வேகம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றம் இல்லையெனில் பழுது அங்கேயே உள்ளது.
4. பொறியை நிறுத்தி, அந்த இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டரின் இன்ஜெக்டருடன் இடம் மாற்ற வேண்டும். பழுதும் உடன் இடம் மாறினால் இன்ஜெக்டரே காரணம். மாறாவிடில் வால்வு இடைவெளியையும் அமுக்கத்தையும் சோதிக்க வேண்டும்.

எரிபொருள் பம்பு

ஒரு சிலிண்டர் மட்டும் செயலிழந்தபோது பம்பை உடனே பிரிப்பது பெரும்பாலும் வீண் செலவாகும். சுழல் வகைப் பம்பில் ஒரே உந்து அமைப்பு எல்லாச் சிலிண்டர்களுக்கும் எரிபொருளைப் பங்கிடுகிறது; அதன் தேய்மானம் பொதுவாக எல்லாவற்றையும் பாதிக்கும். வரிசை வகைப் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி உந்து அமைப்பு இருப்பதால் இது பொருந்தாது.

பாதுகாப்பு

இன்ஜெக்டரிலிருந்து டீசல் 100 வளிமண்டல அழுத்தத்திற்கும் மேல் பீய்ச்சப்படுகிறது. இத்தாரை தோலைத் துளைத்து உட்புக வல்லது. காயம் சிறு புள்ளியாகத் தோன்றினாலும் உள்ளே திசுக்கள் அழியக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவை விரலால் தடவிப் பார்க்காமல் அட்டைத் துண்டைக் காட்டிக் கண்டறிதல் வேண்டும். சோதனையின்போது கண்ணாடியும் கையுறையும் அணிந்து, மூன்றாம் படியில் நட்டை முழுவதும் கழற்றாமல் இருத்தல் வேண்டும்.