ஐரோப்பாவின் கலைஞர் உறைவிடத் திட்டங்கள்

ஓவியர், சிற்பி, நிகழ்த்துகலைஞர், இசையமைப்பாளர், எழுத்தாளர் போன்றோரைக் குறிப்பிட்ட காலத்துக்கு வெளியூரில் தங்கவைத்து, வேலை செய்ய ஸ்டூடியோவும் பெரும்பாலும் மாத உதவித்தொகையும் தரும் ஏற்பாடு கலைஞர் உறைவிடத் திட்டம். கலை வட்டாரத்தில் இதை ‘ரெசிடென்சி’ என்பார்கள். தங்கும் காலம் ஒரு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு ஆண்டாகவும் இருக்கலாம். ஐரோப்பாவில் இன்று இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் உள்ளன. இவற்றின் வரலாற்றைக் கலைப்பாணிகளின் வழியே சொல்வது வழக்கம். செலவை யார் ஏற்றார்கள், என்ன எதிர்பார்த்து ஏற்றார்கள் என்று பார்த்துக்கொண்டு போனால் அது இன்னும் தெளிவாகப் பிடிபடும்.

முதலில் செலவழித்தவர் ஓர் அரசர். 1666இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் ரோம் நகரில் பிரெஞ்சு அகாதெமியை நிறுவினார். ஆறு ஓவியர்கள், நான்கு சிற்பிகள், இரண்டு கட்டடக்கலைஞர்கள் என 12 இளைஞர்களுக்கு இடம்; எல்லோரும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். சாப்பாடும் தங்கலும் அரசர் பொறுப்பு. கைம்மாறாக, பழைய ரோமச் சிலைகளையும் ரஃபேலின் ஓவியங்களையும் அவர்கள் படியெடுத்துத் தர வேண்டும். அந்தப் படிகள் வெர்சாய் அரண்மனையையும் தோட்டத்தையும் அலங்கரிக்கப் போயின. சொந்தக் கற்பனைக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய இடமில்லை.

நெப்போலியன் காலத்தில், 1803இல், அகாதெமி பின்ச்சியோ குன்றின் மேலுள்ள வில்லா மெதிச்சிக்கு மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிரெஞ்சு அரசின் ‘ரோம் பரிசு’ப் போட்டியில் வென்றவர்களே உள்ளே வர முடிந்தது. வந்தவர்கள் தாங்கள் சும்மா இருக்கவில்லை என்று காட்ட அவ்வப்போது ஒரு படைப்பைப் பாரிசுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1884இல் பரிசு பெற்ற இசையமைப்பாளர் தெபுஸ்ஸிக்கு அந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை. அவர் அனுப்பிய ‘வசந்தம்’ என்ற இசைக்கோலத்தைக் கேட்ட பாரிஸ் பெரியவர்கள், தெளிவற்ற ‘இம்ப்ரெஷனிசம்’ கலைக்கு ஆபத்து என்று எச்சரித்தார்கள். தங்கவைக்கும் இடத்துக்கும் தங்குபவருக்கும் இடையிலான இந்த உரசல் அதன் பிறகும் ஓயவே இல்லை. பெண்கள் போட்டியில் கலந்துகொள்ள 1903இல்தான் வழி திறந்தது. 1911இல் சிற்பி லூசியென் யோவெல்மான்ஸ், 1913இல் இசையமைப்பாளர் லிலி பூலான்ஜே என முதல் வெற்றிகள் வந்தன. 1968 மாணவர் கிளர்ச்சியை அடுத்து, பண்பாட்டு அமைச்சராக இருந்த அந்த்ரே மால்ரோ போட்டியையே எடுத்துவிட்டார். இப்போது விண்ணப்பம் வழியே ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை கட்டாயமில்லை.

பிரான்சைப் பார்த்து ஸ்பெயின், அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவையும் ரோமில் தத்தம் இல்லங்களை அமைத்தன. இவற்றில் தனியாகச் சொல்ல வேண்டியது ஜெர்மனியின் வில்லா மாஸ்ஸிமோ. யூதரான பெர்லின் நிலக்கரி வணிகர் எதுவார்ட் ஆர்ன்ஹோல்ட் 1910இல் நிலம் வாங்கி, மாளிகையும் ஸ்டூடியோ வரிசையும் கட்டி, அனைத்தையும் பிரஷ்ய அரசுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். 1932–33இல் அங்கே ஒரே சமயத்தில் இரண்டு இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். ஒருவர் ஃபீலிக்ஸ் நுஸ்பாம், யூத ஓவியர். மற்றவர் அர்னோ பிரேகர், சிற்பி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் நுஸ்பாம் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. பிறகு நாடு நாடாக அலைந்து, கடைசியில் ஒளிந்து வாழ்ந்து, 1944இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பிரேகர் ஹிட்லரின் விருப்பச் சிற்பியானார். பெர்லினின் டாலெம் பகுதியில் அரசு அவருக்கென்றே பிரம்மாண்டமான ஸ்டூடியோ ஒன்றைக் கட்டிக்கொடுத்தது. அந்தக் கட்டடம் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

போருக்குப் பின் பாரிஸில் உருவான சித்தே அந்தர்நாசியோனால் தே ஸார் வேறொரு வழியைக் கண்டது. பின்லாந்துக் கலைஞர் ஏரோ ஸ்னெல்மன் 1937இல் முன்வைத்த யோசனை 1965இல்தான் கட்டடமானது. சேன் நதிக்கரையிலும் மொன்மார்த்ரிலுமாக 300க்கு மேற்பட்ட ஸ்டூடியோக்கள். ஒரு நாடோ நகரமோ கல்லூரியோ பணம் செலுத்தி ஒரு ஸ்டூடியோவின் பயன்பாட்டு உரிமையைப் பெற்றுக்கொண்டு, தன் கலைஞர்களை மாறி மாறி அனுப்பலாம்.

இந்த வரலாற்றின் நடுநாயகம் பெர்லின்தான். 1961 ஆகஸ்டில் சுவர் எழுந்ததும் மேற்கு பெர்லின் கிழக்கு ஜெர்மனிக்குள் சிக்கிய ஒரு தீவானது. நகரம் வெறிச்சோடிவிடக் கூடாது, உலகப் பண்பாட்டு வரைபடத்திலிருந்து மறைந்துவிடக் கூடாது என்ற அரசியல் தேவை அப்போது இருந்தது. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 1963இல் பணம் கொடுத்து உலகக் கலைஞர்களை அங்கே அழைத்தது. சில ஆண்டுகளில் பொறுப்பை ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் ஏற்றது. ‘பெர்லின் கலைஞர் திட்டம்’ என்று இன்றும் தொடர்வது இதுவே. காட்சிக்கலை, இலக்கியம், இசை, திரைப்படம் ஆகிய நான்கு துறைகளில் ஆண்டுக்குச் சுமார் 20 பேர் வருகிறார்கள்.

பனிப்போர்ப் பணம் என்பதால் வந்தவர்கள் பனிப்போர்ப் பிரச்சாரகர்களாக மாறிவிடவில்லை. போலந்து எழுத்தாளர் கோம்ப்ரோவிச் 24 ஆண்டு அர்ஜென்டினா வாழ்க்கைக்குப் பிறகு இந்த அழைப்பின் பேரில் ஐரோப்பா திரும்பினார். அதற்காகவே போலந்துப் பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. ஆஸ்திரிய எழுத்தாளர் இங்கேபோர்க் பாக்மன் 1964இல் ப்யூக்னர் இலக்கியப் பரிசு பெற்ற மேடையில், தன்னை வரவேற்ற நகரத்தையே நோயாளியாகச் சித்திரித்துப் பேசினார்.

இத்தாலிய ஓவியர் எமிலியோ வெதோவாவுக்குக் கிடைத்த இடமோ டாலெமில் பிரேகருக்கென்று கட்டிய அதே ஸ்டூடியோ. போரின்போது பாசிச எதிர்ப்புக் கெரில்லாக்களோடு இருந்தவர் வெதோவா. ராட்சதச் சிலைகளுக்காக எழுப்பிய அந்த உயரமான கூடத்தில், கோணல்மாணலாக வெட்டிய மரப்பலகைகளைக் கீல்களால் பிணைத்து, இருபுறமும் வண்ணம் அடித்து, தரையில் நிறுத்தினார். சுவரில் மாட்ட முடியாத, பார்வையாளர் சுற்றி நடந்து பார்க்க வேண்டிய ஓவியங்கள் அவை. ‘அபத்த பெர்லின் நாட்குறிப்பு ’64’ என்ற அந்தத் தொகுதி அதே ஆண்டு காஸெல் நகரின் மூன்றாவது டொக்குமெண்டா கண்காட்சியில் வைக்கப்பட்டது. வேறு எந்தக் கூடத்திலும் அவருக்கு இந்தப் படைப்பு இப்படி வந்திருக்காது என்றே தோன்றுகிறது.

1973இல் வந்த அமெரிக்கர் எட்வர்ட் கீன்ஹோல்ட்ஸ் பெர்லினின் பழைய சாமான் சந்தைகளில் ஒரு வகை வானொலிப் பெட்டிகளைத் தேடித்தேடி வாங்கினார். ஹிட்லரின் பேச்சு வீட்டுக்கு வீடு கேட்க வேண்டும் என்று 1933இல் மலிவு விலையில் கொண்டுவரப்பட்ட ‘மக்கள் வானொலி’ அது. 301 என்ற மாடல் எண் ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30ஐக் குறிப்பது. அப்பெட்டிகளைக் கொண்டு அவர் அமைத்த தொடர் 1977இல் பெர்லின் தேசியக் காட்சியகத்தில் இடம்பெற்றது. அழைப்புக் காலம் முடிந்த பின்னும் அவரும் மனைவி நான்ஸியும் ஆண்டில் பாதியை பெர்லினிலேயே கழித்தார்கள். இப்படிப் பலர் ஊரோடு ஒட்டிக்கொண்டார்கள். திட்டம் போட்டவர்கள் விரும்பியதும் இதைத்தான்.

டாட் துணையோடு வளர்ந்த இன்னோர் இல்லம் குன்ஸ்ட்லர்ஹௌஸ் பெத்தானியன். க்ரோய்ட்ஸ்பெர்க்கில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் பெத்தானியன் 1847இல் திறந்த மருத்துவமனை. எழுத்தாளர் ஃபொன்டானே இளமையில் அதன் மருந்தகத்தில் வேலை பார்த்தார், அந்த மருந்தகம் இன்றும் காட்சிக்கு உள்ளது. 1970இல் மருத்துவமனை மூடியது. கட்டடத்தின் முதுகுப்புறமாக பெர்லின் சுவர் ஓடியதால் அப்பகுதிக்கு விலைமதிப்பே இல்லை. இளைஞர்கள் 1971 டிசம்பரில் வளாகத்தின் ஒரு கட்டடத்தைக் கைப்பற்றிக் குடியேறினார்கள். முதன்மைக் கட்டடத்தை இடிக்கவிடாமல் மக்கள் தடுத்தார்கள். 1970களின் நடுவில் மிகாயெல் ஹேர்ட்டர் தலைமையில் அங்கே கலைஞர் இல்லம் தொடங்கியது. சுவர் விழுந்த பின் நிலைமை தலைகீழானது; அப்பகுதிக்கு மதிப்பு கூடியது. 2005இல் வேறொரு வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் தென்பகுதியில் குடிபுக, நீண்ட இழுபறிக்குப் பின் 2010இல் கலைஞர் இல்லமே பழைய கட்டடத்தை விட்டு கோட்புஸர் தெருவுக்குக் குடிபெயர்ந்தது.

பெத்தானியனில் தங்குபவர்களின் செலவைப் பெரும்பாலும் அவரவர் நாட்டுக் கலை மன்றங்களோ அறக்கட்டளைகளோ கட்டுகின்றன. ஸ்வீடன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளுக்கு இது எளிது. அப்படிக் கட்டும் அமைப்பு இல்லாத நாட்டில் பிறந்தவர், திறமை இருந்தும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ‘சர்வதேச’ என்ற அடைமொழியை நம்பும் முன் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது நல்லது.

நெதர்லாந்தின் ரைக்ஸ்அகாதெமி இதற்கு மாறாக, தன் நாட்டு அரசின் பணத்தைப் பெரிதும் சார்ந்த மரபு. 1870இல் அரசக் கலைக்கல்லூரியாகத் தோன்றி, 1980களில் உறைவிடமாகி, 1992 முதல் ஆம்ஸ்டர்டாமின் பழைய குதிரைப்படை முகாமில் இயங்குகிறது. இரண்டு ஆண்டு வரை தங்கலாம். சுடுமண், உலோகம், அச்சு எனப் பட்டறைகளும் கைதேர்ந்த நிபுணர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். 2011இல் டச்சு அரசு பண்பாட்டுச் செலவில் 20 கோடி யூரோவை வெட்டப்போவதாக அறிவித்தபோது இவ்வகை நிறுவனங்கள்தான் பலத்த அடி வாங்கின.

தென்னாசியாவுக்கு நெருக்கமானது லண்டனின் காஸ்வொர்க்ஸ். 1982இல் ராபர்ட் லோடரும் சிற்பி ஆண்டனி காரோவும் தொடங்கிய ‘ட்ரையாங்கிள்’ பயிலரங்குகளிலிருந்து கிளைத்து 1994இல் உருவான இடம் இது. அதே வலைப்பின்னலில்தான் டெல்லியின் கோஜ், கொழும்பின் தீர்த்த ஆகிய கலைஞர் அமைப்புகளும் வளர்ந்தன. ஐரோப்பாவுக்கு அழைத்துக்கொள்வதோடு நில்லாமல், அந்தந்த ஊர்க் கலைஞர்கள் தாங்களே விருந்தளிப்பவர்களாக மாற இந்த வலைப்பின்னல் உதவியது. ரோம் மரபில் இதற்கு முன்னுதாரணம் இல்லை.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்குத் தேர்வுக்குழுவின் சம்மதம் பாதி வேலைதான். ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்களே தங்கலாம். அதற்கு மேல் தேசிய விசா வேண்டும். பயணச் செலவை எல்லா இல்லங்களும் தருவதில்லை. கலைஞரிடமே வாடகை வாங்கும் இல்லங்களும் ‘ரெசிடென்சி’ என்ற பெயரிலேயே விளம்பரம் செய்கின்றன. இதற்கிடையே பணமும் சுருங்குகிறது: பெர்லின் நகர அரசு 2025ஆம் ஆண்டுக்கான பண்பாட்டு நிதியில் சுமார் 13 கோடி யூரோவைக் குறைத்தது.