நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தொழிற்சங்கத்தின் தோற்றமும் நோக்கமும்

மலேசியத் தோட்டத் தொழிற்சங்க வரலாற்றைக் கூலி உயர்வின் வரலாறாக மட்டுமே காணும் போக்கு நம்மிடையே நிலவுகின்றது. தொடக்கக் காலக் கோரிக்கைகளை நோக்கின், கூலிக்கு நிகராக மனித மதிப்பும் வேண்டப்பட்டமை புலனாகும். இதனை நெகிரி செம்பிலான் மாநிலத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

மலாயாவில் புதிய ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் கங்காணி வழி ஆட்சேர்ப்பும் ஓய்ந்தது. எனினும், லயத்து வீடு, மருத்துவமனை, தமிழ்ப்பள்ளி ஆகிய அனைத்தும் தோட்ட நிருவாகத்தின் பிடியிலேயே இருந்தன. 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலியோடு வேறு சிலவும் கோரப்பட்டன. பெண்களிடம் தகாமுறையில் நடத்தல் ஒழிய வேண்டும். உறவினர் தடையின்றி வந்து செல்ல வேண்டும். துரைமாரைக் கண்டு மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பன அவை. நாதன் நாடு கடத்தப்பட்டார்; போராட்டம் படைவலிமையால் ஒடுக்கப்பட்டது.

போருக்குப் பின் இவ்வுரிமை வேட்கை அமைப்பு வடிவம் பெற்றது. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் வழி பி.பி. நாராயணன் தலையெடுத்தார். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இடதுசாரித் தொழிற்சங்கச் சம்மேளனம் பதிவை இழந்தது. அதன் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இச்சூழலில் சட்ட வரம்புக்குட்பட்ட பேச்சுவார்த்தையே நாராயணன் போன்றோர் தேர்ந்த வழியாயிற்று.

1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தனித்தனித் தோட்டங்களில் துரையின் சொல்லே சட்டமாயிருந்த நிலை மாறி, முதலாளிமார் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் காணும் நிலை ஏற்பட்டது. பெரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்றவரின் பேராளர் நிருவாகத்தோடு சமமாக அமர்ந்து பேசியமை சிறிய மாற்றமன்று. நாராயணன் 1962இல் மகசேசே விருது பெற்றமையும் குறிப்பிடத்தக்கது.

ஆயினும் ஒரு குறையை நாம் மறைத்தலாகாது. கூலி பேசப்பட்ட அளவிற்கு வீட்டுரிமை பேசப்படவில்லை. வேலை முடிந்தால் வீடும் போகும் என்னும் பழைய நியதி தொடர்ந்தது. நீலாய், செண்டாயான் பகுதிகளில் தோட்டங்கள் நகரங்களாக மாறியபோது அதன் விளைவு வெளிப்பட்டது. சங்கத்தைச் சார்ந்த காட்கோ நிறுவனம் ஜெம்போலில் தொடங்கிய நிலத்திட்டமும் நீண்ட நிலவுரிமைச் சிக்கலாக மாறியது. 2013இல் குறைந்தபட்ச ஊதியம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களைவிட்டுத் தமிழர் பலர் வெளியேறியிருந்தனர்.

எனவே, சங்கத்தின் வரலாற்றைக் கற்பிக்கும்போது ஊதிய அட்டவணையோடு அந்த மிதிவண்டிக் கோரிக்கையையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். சங்கம் எதை ஈட்டியது, எதை ஈட்டாது விட்டது என்பதை அளக்கும் கோல் அதுவேயாம்.